வலது பக்கத்து மேனிஃபோல்டு

தம்பி,

போன திங்கட்கிழமை நீ போனில் எழுதிக் கேட்டிருந்தாய், "படகை வித்தாச்சாம்மா?" என்று. "இல்லை" என்று போட்டேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் பொம்மையைப் போட்டாய். அன்றைக்கு நம் பேச்சு அவ்வளவோடு முடிந்தது. அதன் பிறகு நான்கு நாளாக உட்கார்ந்து இதைக் கையால் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். நிவேதாவும் இதைப் படிக்கட்டும். ஒரு வீட்டுக்குள் வரப்போகிற பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் மட்டும் சொல்லக்கூடியதாக இதில் ஒன்றும் இல்லை.

படகுக்கு ஆள் வராமல் இல்லை. வைகாசியில் சிங்கம்புணரியிலிருந்து ஒருவர் வந்தார். கடற்கரையில் சுற்றுலாப் படகு விடப்போகிறாராம். கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குள், டிரெய்லர் மேல் அப்பா விட்டபடியேதான் படகு நின்றது. தார்ப்பாயை விலக்கினோம். உள்ளே வேப்பஞ்சருகும் பல்லி முட்டையும் கிடந்தன. அவர்கள் கொண்டுவந்த பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். 'டொக்' என்று ஒரு சத்தம். இன்னொரு தடவை திருப்பினார்கள். மறுபடியும் 'டொக்'. அந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சின் உள்ள இறுகிப் பிடிச்சிருச்சு சார். பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்" என்றார். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது தம்பி. உன் அப்பா போய் இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் மேல் கோபம் வந்தது. வீட்டுத் தையல் மிஷினுக்குக்கூட மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிற மனுஷன். இதை மட்டும் இப்படிப் போட்டுவிட்டுப் போனார் என்றால் எப்படி? அந்தக் கோபத்தில்தான் தொண்டிக்குப் போன் போட்டு, அப்பாவின் கூட்டாளி, எஞ்சின் வேலை தெரிந்த காசிமை வரச்சொன்னேன்.

நிவேதாவுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நிவேதா, உன் மாமனார் தச்சு ஆசாரிக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணமான ஏழாம் மாதம் ஷார்ஜாவுக்கு மரப்படகு கட்டும் வேலைக்குப் போனவர், அங்கேயே படகு எஞ்சின் வேலையையும் கற்றுக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மாதம் வருவார். இப்படியே இருபத்தேழு வருஷம். நான் இங்கே காரைக்குடியில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். தெருவில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நான் திருத்தியதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் இவன் பிறந்தான். அப்பா மொத்தமாகத் திரும்பி வந்தபோது இவனுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருஷம், பாம்பன் பக்கம் ஒரு தங்கும் விடுதியை மூடியபோது அவர்கள் விற்ற பழைய பவர்போட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். கடல் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு படகு. கழனிவாசலிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிம் தன்னுடைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வருவான். படகை இழுத்துக்கொண்டு தொண்டிக்குப் போவார்கள்; சாயங்காலம் திரும்பிவிடுவார்கள்.

"ஒரு தடவ வந்துதான் பாரேன்" என்று ஒவ்வொரு மாதமும் என்னைக் கூப்பிடுவார்.

"எனக்குத் தல சுத்தும். நீங்க போயிட்டு வாங்க" என்பேன். எனக்குப் பேருந்தில் தலை சுற்றியதில்லை, ராட்டினத்தில் சுற்றியதில்லை. போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் ஒரு ஆளில்லாமல் வீடு நடத்திப் பழகியவளுக்கு, அந்த ஆள் வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் அங்கே இருந்தவரை நான் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கடிதம் வரும், போன் வரும், அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். வந்த பிறகுதான் தனியாக இருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

தம்பி, நீ மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டாய். ஒரு நாள் நினைவிருக்கிறதா? பதினொன்றாம் வகுப்பில் இருந்தாய். படகின் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நட்டு கழன்று படகின் அடிவயிற்றுக்குள் விழுந்துவிட்டது. அதை எடுக்க நீ தலைகீழாக உள்ளே போய்க் காலை மட்டும் வெளியே ஆட்டிக்கொண்டிருந்தாய். அப்பா உன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் வெளியே வந்து, "பரிச்சைய வச்சுக்கிட்டு அங்குட்டு என்ன வேல? உள்ள வா" என்று அதட்டினேன். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நீ கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாய். அப்பா தனியாகவே பம்பைக் கழற்றி முடித்தார். எனக்குப் பொறாமை தம்பி. உன்னை நான் ஒருத்தியாக வளர்த்தேன். அவர் வந்து ஒரே வருஷத்தில் உன்னை அப்படிச் சிரிக்க வைத்துவிட்டார். அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

சரி, காசிம் வந்தான். மீசையெல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு. வந்ததும் எஞ்சினில் இருந்த ஆறு பிளக்கையும் கழற்றினான். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. இடது பக்க நடுத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு எடுத்துக் காட்டினான். நுனியில் செம்மண் சேறு மாதிரித் துரு.

"தண்ணி எறங்கியிருக்கு மதினி. மேனிஃபோல்டு போச்சு" என்றான்.

அது என்ன என்று கேட்டேன். உனக்குத் தெரியும், நிவேதாவுக்குத் தெரியாது. எஞ்சின் விடுகிற சூடான புகையை எல்லாம் சேர்த்து வெளியே அனுப்புகிற இரும்புக் கூடு அது. பக்கத்துக்கு ஒன்று. காருக்குக் காற்று பட்டு ஆறிவிடும். படகில் எஞ்சின் மூடிய பெட்டிக்குள் கிடப்பதால் அந்தக் கூட்டுக்கு இரட்டைச் சுவர் வைத்து நடுவில் கடல் தண்ணீரை ஓடவிட்டிருப்பார்கள். உள்ளே புகை, சுற்றிலும் உப்புத் தண்ணீர். அந்த உப்பு வருஷக்கணக்கில் இரும்பை உள்ளுக்குள் தின்னும். ஒரு நாள் சுவர் ஓட்டையாகித் தண்ணீர் புகைப் பாதைக்குள் இறங்கி, அங்கிருந்து எஞ்சினுக்குள் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அப்பா வருஷா வருஷம் அடித்த நீலப் பெயிண்டு அதன் மேல் பளபளவென்றுதான் இருந்தது.

கழற்றிய இடது மேனிஃபோல்டைத் தரையில் கவிழ்த்துவைத்து, ஒரு பக்கத்துத் துளைகளைக் கட்டையால் அடைத்து, இரட்டைச் சுவருக்குள் நான் தண்ணீர் ஊற்றினேன். மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களுக்கு எத்தனை தடவை கோடு போட்டிருக்கிறேன்! ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் மட்டம் கோட்டுக்குக் கீழே விரற்கடை இறங்கியிருந்தது. புகை போகிற வழியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. முப்பத்தோரு வருஷம் உப்பும் இரும்பும் பாடமாக நடந்த இடத்தில் வேலை பார்த்தவள். என் வீட்டுக் கொட்டகையில் அது நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"புதுசு ஒரு செட்டு அண்ணன் வாங்கி வச்சாகளே. எங்க இருக்கு?" என்றான் காசிம்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசியில் பின்கட்டு அறையில், அவருடைய ஷார்ஜா டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. நானும் காசிமும் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் வைத்தோம். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே மார்க்கர் பேனாவால் அப்பா எழுதியிருந்தார். ஒன்றில் 'இடது – நான்'. இன்னொன்றில் 'வலது – தம்பி'.

காசிம் அந்த எழுத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தான். பிறகு சொன்னான். "இது வந்து மூணு வருசமாகப் போகுது மதினி. அரை நாள் வேல, நான் மாட்டிர்றேண்ணேன்னு அப்பவே சொன்னேன். அண்ணன்தான் வேணாம்னாக. தம்பி லீவுக்கு வாரான், ஆளுக்கு ஒரு பக்கமா ரெண்டு பேரும் மாட்டுறோம்னாக. அப்பறம் ஒடம்புக்கு முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்பவும் கேட்டேன். எஞ்சின் சும்மா கெடக்கு, தண்ணி எறங்கிரும்ணே, மாட்டிரவான்னேன். 'இருக்கட்டும் காசிம். அவனுக்கு லீவு கெடைக்கலையாம். கெடைச்சா வந்துருவான்'னாக."

நான் உள்ளே போய் டீ போட்டேன். சர்க்கரை போடாமலே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் அதையே குடித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனான். டம்ளரைக் கழுவும்போது என் பங்கு டீயைக் குடித்துப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

தம்பி, இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதம். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னது நான். நீ என்னிடம் எத்தனை தடவை கேட்டாய்! "நான் வரட்டாம்மா?" என்று அழுதாய் ஒரு தடவை. "வேணாம் தம்பி. அப்பாவே வேணாங்குறாக. படிப்ப முடிச்சிட்டு வரட்டும்னு சொல்லச் சொன்னாக" என்றேன். அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பி அவரிடம், "லீவு கெடைக்கலையாம். கெடைச்சதும் வாரேன்னான்" என்றேன். போனை அவரிடம் கொடுத்த போதெல்லாம் நான் பக்கத்திலேயே நின்றேன். உன்னை வருத்தக்கூடாது என்று அவரும், அவரை வருத்தக்கூடாது என்று நீயும், "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்பா" என்று பேசி வைத்தீர்கள். நான் பயந்த கேள்வியை இருவருமே கேட்கவில்லை. ஏழு மாதம் இப்படி ஓடியது.

எதற்காகச் செய்தேன் என்று நான் எனக்கே பல காரணம் சொல்லி வைத்திருந்தேன். விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது, வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்னவோ என்று நீ ஒரு நாள் சொன்னாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். நீ வந்தால் படிப்பை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவாய், அவர் இருபத்தேழு வருஷம் வெயிலில் நின்றது வீணாகிவிடும் என்று நினைத்தேன். இவை பொய்யில்லை. ஆனால் இவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அந்த ஏழு மாதம்தான் அவர் என்னுடைய மனுஷனாக இருந்தார். கஞ்சி கொடுத்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். நான் அறையை விட்டுப் போனால் கூப்பிடுவார். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிற நேரத்தில் எனக்கு அது கிடைத்தது. நீ வந்தால் அவர் கண் உன் பக்கம் திரும்பிவிடும். யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு தாய் எழுதியது மாதிரி இல்லை. ஆனாலும் எழுதியது நான்தான்.

கடைசி மாதத்தில் ஒவ்வொரு நாளும் கேட்டார். "எப்ப வாரான்?" பேச்சுக் குழறிய பிறகு வாசல் பக்கம் விரலைக் காட்டிப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். "வந்துருவான்" என்பேன். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "அப்பா என்னையக் கேட்டாராம்மா?" என்றாய். "இல்ல தம்பி, கடைசியில மருந்து மயக்கத்துலயே இருந்துட்டாக" என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய். அதன் பிறகு நீ என்னோடு சண்டை போட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து நிமிஷம் கூப்பிடுகிறாய், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்கிறாய். நீ சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் இவ்வளவு தனியாக இல்லை.

காசிம் போன பிறகு அந்த இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தேன். இடது பக்கத்தை மட்டும் மாட்டச் சொல்லிவிட்டு, வலது பக்கத்தை நீ வரும்வரை அப்படியே வைத்திருக்கலாமா என்று ஒரு மனம் சொன்னது. உன்னை வரவைக்க அது ஒரு நல்ல வழியாகவும் தோன்றியது. பிறகு வேண்டாம் என்று விட்டேன். உனக்காகக் காத்திருந்துதான் அந்த எஞ்சின் துருப்பிடித்தது. அவர் காத்திருந்ததற்கு நான் காரணம். இன்னொரு காத்திருப்பை நானே ஆரம்பித்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

முதலில் இறுகிப் பிடித்துப்போன எஞ்சினை விடுவிக்க வேண்டும். காசிம் டீசலையும் கியர் எண்ணெயையும் கலந்து சிலிண்டர்களுக்குள் ஊற்றி, ஒரு நீளமான ஸ்பேனரைக் கொடுத்து, தினமும் காலையில் முன்பக்க நட்டில் மாட்டி மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொன்னான். "முரட்டுத்தனமா இழுக்காதீக மதினி. அதுவா வரட்டும்." ஆடி மாதம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. குளித்து, கோலம் போட்டு, ஏணி வைத்துப் படகுக்குள் ஏறுவேன். இழுப்பேன். அசையாது. கொஞ்ச நேரம் அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருத்திக்கு ஆட்டிய இட்லி மாவு ஆறு நாள் வருகிற வீட்டில், காலையில் போய்ப் பார்க்க ஒன்று இருந்தது. எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து, "என்ன டீச்சர், படகு எங்குட்டுக் கெளம்புது?" என்பார். "இப்பத்தானே ஏறியிருக்கேன்" என்பேன். அன்றைக்கு நான் வேறு யாரிடமும் பேசாத நாளாகவும் இருக்கும். பதினேழாம் நாள் இழுத்தபோது ஸ்பேனர் ஒரு விரல் அளவு நகர்ந்தது. நட்டுதான் வழுக்கிவிட்டதோ என்று மறுபடி இழுத்தேன். மறுபடியும் நகர்ந்தது. எனக்குச் சொல்ல ஆளில்லை. காசிமுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒக்கூரில் இருக்கிற உன் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "நகர்ந்துருச்சு அக்கா" என்றேன். "எது?" என்றார். சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிடுறியாடி நீ?" என்று கேட்டார்.

ஆவணியில் காசிம் வந்து மூன்று நாள் தங்கி வேலை செய்தான். பழைய போல்ட்டுகளில் ஒன்று உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளைபோட்டு எடுக்கவே ஒரு பகல் போனது. இடது பக்கத்தை அவன் மாட்டினான், நான் பார்த்துக்கொண்டேன். புதியது பழைய மாதிரி இல்லை. பழையதில் புகையும் தண்ணீரும் ஒரே மூட்டு வழியாகப் போகும். அந்த மூட்டில் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங் அட்டை நைந்தால் தண்ணீர் நேராக எஞ்சினுக்குள். புதியதில் தண்ணீருக்குத் தனி வழி, புகைக்குத் தனி வழி. மூட்டு கசிந்தாலும் தண்ணீர் வெளியே சொட்டும், உள்ளே இறங்காது. அப்பா தேடித்தான் வாங்கியிருக்கிறார்.

வலது பக்கத்தை நான் மாட்டினேன். காசிம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தான். எஞ்சினின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யவே இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு புதிய பேக்கிங், அதன் மேல் மேனிஃபோல்டு. கனம் தம்பி. தொடையால் முட்டுக் கொடுத்து வைத்தேன். "ஒரே இறுக்கா இறுக்கிராதீக. நடுவுல இருந்து ஆரம்பிச்சு இங்குட்டு ஒண்ணு, அங்குட்டு ஒண்ணு. மூணு சுத்தா இறுக்குங்க" என்றான். மூன்றாம் சுற்றில், இறுக்கம் போதுமென்று அளவு ஸ்பேனர் 'டிக்' என்று சொல்லும்வரை இறுக்கினேன். உன் பெயர் எழுதியிருந்த அட்டைப்பெட்டி அப்போது பக்கத்தில்தான் கிடந்தது. உன் வேலையை எடுத்துக்கொண்டேன் என்று கோபப்படாதே. கோபப்பட்டாலும் சரி.

தண்ணீர் டிரம்மில் குழாயை விட்டு எஞ்சினைக் கிளப்பினோம். நான்கு தடவை இருமியது. ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க வெள்ளைப் புகை. பின்னால் இருக்கும் குழாய்களிலிருந்து புகையும் தண்ணீரும் சேர்ந்து கொட்டின. காசிம் என் கையைப் பிடித்து மேனிஃபோல்டு மேல் வைத்தான். "சுடுதா?" "இல்ல. வெதுவெதுன்னு இருக்கு." "அம்புட்டுத்தான் மதினி. தண்ணி ஓடுது." கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

புரட்டாசியில் தொண்டிக்குக் கொண்டுபோனோம். அறுபத்தோரு வயதில் முதன்முதலாகப் படகில் ஏறினேன். கடல் கண்மாய் மாதிரி அலையில்லாமல் கிடந்தது. தலை சுற்றவில்லை. கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் காசிம் எஞ்சினை நிறுத்தினான். "அண்ணன் இங்குட்டு வந்ததும் நிறுத்திருவாக" என்றான். "அப்பறம்?" "சும்மா உக்காந்திருப்பாக." "என்ன பேசுவாக?" "ஒண்ணும் பேச மாட்டாக மதினி. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அப்பறம் கெளப்பு போகலாம்பாக." நானும் உட்கார்ந்தேன். தண்ணீர் படகை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. இதற்குத்தானா இத்தனை தூரம் வந்தார் என்று நினைத்தேன். பேசாமல் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார், மாதா மாதம். எனக்கு அது வந்திருக்கும் தம்பி. பேசாமல் இருப்பது எனக்கு நன்றாகவே வரும்.

எஞ்சின் திரும்பக் கிளம்பியது, கரை வரைக்கும் நிற்காமல் வந்தது. படகை விற்கவில்லை. காசிமிடம் விட்டிருக்கிறேன். ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவச் சொல்லியிருக்கிறேன். உனக்கு விற்க வேண்டும் என்று தோன்றினால் விற்கலாம். அதை நீ சொல்.

கல்யாணத்துக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நிவேதா, இவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற பையன், அப்பாவைப் போல. நீ விடாமல் கேள். தம்பி, அவள் ஏதாவது ஒன்றுக்கு உன்னைக் கூப்பிட்டால், பிடிக்காவிட்டாலும் ஒரு தடவை போ. ஒருவரின் நல்லதுக்கு என்று இன்னொருவர் முடிவெடுத்து மறைக்காதீர்கள். அவரவருக்கு வருகிற வருத்தத்தை அவரவர் படட்டும். நான் இரண்டு பேருடைய வருத்தத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அதனால் உங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கிடைக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. போன மாதம் மதுரைக்குப் போய்க் காட்டினேன். இடது மார்பில் கட்டி. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் கெட்ட கட்டிதான் என்று வந்திருக்கிறது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். பெரியம்மா கூட இருப்பார். உனக்குச் சொல்ல வேண்டாம், கல்யாணம் முடியட்டும் என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதுகூட, "நல்லா இருக்கேன்" என்றுதான் சொன்னேன். இங்கே முதலில் 'சின்ன ஆபரேஷன்' என்று எழுதி அடித்திருக்கிறேன், பார். சின்னதா பெரிதா என்று எனக்குத் தெரியாது. 'எனக்குப் பயமில்லை' என்று எழுதியதையும் அடித்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. கல்யாணத் தேதியைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். உன் வேலை, உன் விசா, உன் கோபம் எல்லாம் உனக்குத்தான் தெரியும். இதைப் படித்த பிறகு என் முகத்தைப் பார்க்க உனக்கு மனம் வராமலும் போகலாம். என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மா